கடதாசி மீசை

1

அப்பாவின் எண்பதாவது பிறந்தநாள் விழாவை மகள்காரியே குழப்பிப்போட்டாள் என்று மெல்பேர்ண் முழுக்கக் கதை அடிபடுகிறது. கதை உண்மைதான். குழப்பினேன். ஒலிவாங்கியைப் பறித்தேன், திரையில் படம் காட்டிக்கொண்டிருந்த கணினியின் வயரைப் பிடுங்கினேன், கேக் வெட்டவும் விடவில்லை. ஊரில் இருக்கும் உங்களுக்கும் கண், காது, மூக்கு எல்லாம் வைத்து இந்தக் கதை வந்து சேர்ந்திருக்கும். எனக்கு விசர் என்றுகூடச் சொல்லியிருப்பார்கள்.

கோபம் ஆறிய பிறகு ஆறுதலாக எழுதலாம் என்று பார்த்தேன். ஆறுகிற மாதிரித் தெரியவில்லை. வேலைக்குப் போகிறேன், சமைக்கிறேன், செவ்வாய்க்கிழமை குப்பைத் தொட்டியைத் தெருவோரத்துக்கு இழுத்துக்கொண்டுபோய் வைக்கிறேன், எல்லா நேரமும் அது உள்ளுக்குள் கொதித்துக்கொண்டுதான் இருக்கிறது. அதனால் கொதிக்கக் கொதிக்கவே எழுதுகிறேன். சூடு பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

அப்பா யாழ்ப்பாணத்தில் ஒரு பெடியன்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். பிரம்பும் கையுமாகத்தான் வகுப்புக்குள் போவார். அவர் நடந்துவரும் சத்தம் கேட்டாலே மேல்மாடி முழுக்க மூச்சடங்கிவிடும் என்று சொல்வார்கள். அவருக்குப் பெடியன்கள் வைத்த பட்டப்பெயர் 'ஹிட்லர் மாஸ்டர்'.

எங்கள் ஆட்களிடம் இது ஒரு பழக்கம். கொஞ்சம் கண்டிப்பாக யார் இருந்தாலும் உடனே ஹிட்லர்தான். அதிபர் ஹிட்லர், பெரிய டொக்டர் ஹிட்லர், மாமியார் ஹிட்லர். முடிவெட்டும் கடையில் பத்திரிகையை மடித்துவிட்டு, "உவங்களுக்கெல்லாம் ஹிட்லர் மாதிரி ஒருத்தன் வரவேணும், அப்பத்தான் நாடு உருப்படும்" என்று ஒருவர் பெருமூச்சு விடுவார். இருக்கிற எல்லாரும் தலையாட்டுவார்கள். அந்த ஆள் யார், என்ன செய்தான் என்று யாருக்கும் தெரியாது. தெரியவேண்டும் என்றும் யாருக்கும் இல்லை. பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம் இருந்தது, அதில் யூதர்களைப் பற்றி ஒரு வரி. சோதனைக்கு வராத வரி என்று ரீச்சரே சொல்லிவிட்டார்.

நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் 'ஹிட்லரின்ர மகள்' என்றே அறியப்பட்டவள். அந்தப் பெயருக்குப் பயந்து பெடியன்கள் என் சைக்கிளுக்குப் பின்னால் வரமாட்டார்கள். அந்த வயதில் அது எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

அம்மா காலமானபிறகு அப்பாவை இங்கே கூப்பிட்டேன். பெற்றோர் விசாவுக்கு நான் அலைந்த அலைச்சலை எழுதினால் அது தனிப் புத்தகம், இப்போது வேண்டாம். கிளென் வேவர்லியில் எங்கள் வீட்டில் விடிந்தால் ஒருவரும் இல்லை. நானும் என் மனுசனும் வேலைக்கு, மகள் அகல்யா பல்கலைக்கழகத்துக்கு. அகல்யாவுக்குத் தாத்தாவில் பிரியம்தான், ஆனால் தாத்தா தமிழில் ஒன்று கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பாதிப் பதில் சொல்லிக்கொண்டே படியேறிவிடுவாள். பள்ளிக்கூடமே நடுங்கிய மனுசன் இங்கே வந்து தொலைக்காட்சிக்கு முன்னால் வாய் பேசாமல் இருந்தார். அவரை அந்தக் கதிரையிலிருந்து எழுப்பியது பக்கத்து வீட்டு மிரியம்.

3

மிரியத்துக்கு எழுபது வயது இருக்கும். தனி ஆள். அவருடைய தேசிமரம், எலுமிச்சைதான், வேலிக்கு மேலால் எங்கள் பக்கம் காய்க்கும். ஒருநாள் அப்பா விழுந்த காய்களைப் பொறுக்கி, வாளியில் போட்டு, அவர் வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுத்திருக்கிறார். விழுந்த காயைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்த முதல் மனிதர் இவர்தான் என்று மிரியம் என்னிடம் சொல்லிச் சிரித்தார். அப்படித் தொடங்கியது. பிறகு ஒவ்வொரு காலையும் வேலிக்கு இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் மிரியம், நடுவில் பேப்பரில் வரும் எண் புதிர். அப்பா கறிவேப்பிலை கொடுப்பார், அவர் தேசிக்காய் கொடுப்பார். நாங்கள் எல்லாரும் 'மாஸ்டர்' என்று சொல்வதைக் கேட்டு மிரியமும் அப்படியே கூப்பிடுவார். மழை பெய்தால் அப்பா குடையோடு போய் நிற்பார். இந்த நாட்டில் அப்பாவுக்கு என்று இருந்த ஒரே சிநேகிதம் அதுதான்.

போன வருடம் ஒருநாள் அவர் தந்த தட்டத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வெறும் தட்டத்தைக் கொடுக்கக்கூடாது என்று நாலு உழுந்துவடையும் வைத்திருந்தேன். பட்டப்பகலில் குசினி மேசையில், கண்ணாடிக் குவளைக்குள் ஒரு மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. கரண்ட் இல்லையோ என்று கேட்டேன். அன்று அவருடைய அம்மா இறந்த திதி. அவர்கள் வழக்கத்தில் ஒருநாள் முழுக்க எரியுமாம். நாங்களும் விளக்கு வைப்போம் என்று சொல்லிக் கதிரையில் இருந்தேன். அவர் தானாகவே கதைக்கத் தொடங்கினார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

மிரியத்தின் அம்மாவுக்கு ஹங்கேரியில் ஒரு சின்ன ஊர். போர்க்காலம், அவவுக்குப் பதினைந்து வயது. அந்த ஊர் யூதர்கள் எல்லாரையும் வீடுகளிலிருந்து கிளப்பி, ஒரு செங்கல் சூளையில் அடைத்து வைத்திருந்துவிட்டு, ஒருநாள் ரயில் நிலையத்துக்கு நடத்திக்கொண்டு போனார்கள். பெரிய தெருவால், எல்லாரும் பார்க்க. ஒரு பக்கம் அவவுடைய அம்மா, மற்றப் பக்கம் கையைப் பிடித்தபடி ஒன்பது வயதுத் தங்கை லில்லி. தெருவின் இரண்டு பக்கமும் ஊர்ச்சனம் நின்றது. அவவுடைய வகுப்புப் பெடியன்களும் நின்றார்கள். அதில் ஒருத்தன் பக்கத்து வீட்டுக்காரன், சின்ன வயதிலிருந்து ஒன்றாக விளையாடினவன். அவன் தலைமயிரை நெற்றியில் இழுத்துவிட்டு, சின்னச் சீப்பு ஒன்றை மூக்குக்குக் கீழே மீசைபோலப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை நீட்டி உயர்த்தினான். சுற்றி நின்ற எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

லில்லி கேட்டாள், "ஏன் சிரிக்கினம்?"

மிரியத்தின் அம்மா சொன்னா, "எங்களைப் பார்த்து இல்லை."

ரயில் போய்ச் சேர்ந்த இடத்தில் தாயையும் லில்லியையும் ஒரு பக்கம் அனுப்பினார்கள், இவவை மற்றப் பக்கம். தாயும் லில்லியும் போன பக்கத்தில் யாரும் அன்று பொழுதுபடும்போது உயிரோடு இல்லை. தங்கையோடு கடைசியாக ஒழுங்காகக் கதைத்த கதை அந்தத் தெருவில் சொன்ன அந்த ஒரு பொய்தான் என்று அவ சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாவாம். முகாமில் நடந்ததை ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் அந்தத் தெருவும் அந்தச் சிரிப்பும்தான். அதையும் ஒரே தடவையில் இல்லை. உருளைக்கிழங்கு உரிக்கும்போது ஒரு துண்டு, உடுப்பு மடிக்கும்போது ஒரு துண்டு.

போர் முடிந்து, எலும்பும் தோலுமாக அவ தன் ஊருக்குத் திரும்பிப் போனா. வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். நேரே அந்தப் பெடியனின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினா. பழிவாங்க இல்லை. அன்று என்னத்தைப் பார்த்துச் சிரித்தாய் என்று கேட்க. அவனுடைய தாய் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, "அவன் வீட்டில் இல்லை" என்றாளாம். வாசலில் அவன் காலில் போடும் சப்பாத்து, சேறு காயாமல் கிடந்தது. இவ அதைப் பார்த்தபடி கனநேரம் நின்றுவிட்டுத் திரும்பிவந்து, பிறகு கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்துவிட்டா.

"நான் கார்ல்டனில் பிறந்தவள்," என்றார் மிரியம். "அந்தத் தெருவை ஒருநாளும் கண்டதில்லை. ஆனால் அந்தச் சீப்பு பச்சை நிறம் என்று எனக்குத் தெரியும். அம்மா நிறம் சொல்லவே இல்லை. எனக்குப் பச்சையாகத்தான் தெரிகிறது."

நான் எழுந்துபோய் அவரைக் கட்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம், மிரியத்தின் அம்மா போர்க்காலத்து முகாமில் இருந்து தப்பினவா என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தைச் சொல்ல வாய் வரவில்லை. யாருடைய பெயரைப் பட்டப்பெயராக வைத்துக்கொண்டு அப்பா எனக்கு முன்னால் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார் என்று உங்களுக்குத் தெரியும்தானே.

4

இனி ரவியிடம் வருகிறேன். ரவி அப்பாவின் பழைய மாணவன், பொறியியலாளர், கெட்டிக்காரன். எங்கள் ஆட்களுக்கு ஒன்று என்றால் முதலில் வந்து நிற்பவனும் அவன்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

விழாக் குழு என் வீட்டு விறாந்தையில் கூடியது. மண்டபத்துக்கு எத்தனை விதிகள் என்று ரவி வாசித்துக் காட்டினான். காப்புறுதி வேண்டும், கற்பூரம் கொளுத்தக்கூடாது, சுவரில் ஒன்றும் ஒட்டக்கூடாது. அத்தனைக்கும் தலையாட்டினோம். பிறகு ஒரு பெட்டியைத் திறந்தான். உள்ளே முழுக்கக் கடதாசி மீசைகள். கறுப்பு, சதுரம், பின்னால் பசை. மாஸ்டரின் பழைய படத்தில் அதே மீசையை ஒட்டித் திரையில் காட்டுவதாம், எல்லாரும் எழும்பி மீசையை ஒட்டிக்கொண்டு கையை நீட்டி வணக்கம் சொல்வதாம். சுவரில் ஒட்டக்கூடாது, முகத்தில் ஒட்டலாம்.

"ரவி, உந்தப் பெட்டியை மூடு," என்றேன்.

"என்ன சுபாக்கா, பகிடிதானே. எங்கட காலத்துப் பகிடி. மாஸ்டருக்கே தெரியும்."

"மிரியம் வாறா. அவவின்ர குடும்பத்துக்கு என்ன நடந்தது எண்டு தெரியுமே உனக்கு?" சொன்னேன். அந்தத் தெரு, சீப்பு, லில்லி, எல்லாம் சொன்னேன்.

ரவி ஒரு மீசையை எடுத்து, திருப்பிப் பார்த்து, பெட்டிக்குள் போட்டான். பிறகு சொன்னான், "பாவம்தான். ஆனா அவ நேர கண்டவவே? தாய் சொன்ன கதைதானே. அதுக்குப் போய் நாங்கள் ஏன் எங்கட சந்தோசத்தைக் கெடுப்பான்?"

எனக்கு உச்சந்தலையில் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது.

என் தம்பி அகதியாக வந்து சிட்னியில் தடுப்பு முகாமில் கிடந்த காலத்தில், சித்தப்பாவை ஆமி பிடித்துக்கொண்டு போனதைப் பற்றி விசாரணையில் சொன்னான். கண்டது அம்மா. அம்மா அவனுக்குச் சொன்னா. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி, நீ நேரில் பார்த்தாயா, தாய் சொன்னதைச் சாட்சியாக எடுக்கமுடியாது என்று சொல்லிவிட்டான். அன்று மெல்பேர்ணில் இருந்து சிட்னிவரை என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போனவன் இதே ரவி. வழி முழுக்க ஸ்டியரிங்கில் அடித்து அடித்துத் திட்டிக்கொண்டு வந்தான்.

"அண்டைக்கு நீ காருக்குள்ள என்ன கேட்டனீ?" என்றேன். "பெத்த தாய் சொன்னது பொய்யே எண்டு கேட்டாய். கேட்டனியோ இல்லையோ?"

"அது வேற, அக்கா."

"என்ன வேற? ஒவ்வொரு வைகாசியும் மெழுகுதிரி பிடிச்சுக்கொண்டு நிண்டு அழுறாய். நீ முள்ளிவாய்க்காலில நிண்டனியே? எண்பதுகளில பிளேன் ஏறினனீ. உன்னட்ட இருக்கிறது உன்ர அக்கா ரெலிபோனில அழுத சத்தம். அதைத்தானே பிள்ளையளுக்கும் சொல்லி வளக்கிறாய். ஆரும் அதைப் பாத்து, நீ நேர கண்டனியோ எண்டு கேட்டா உனக்கு எப்பிடி இருக்கும்?"

நான் இரண்டு சனத்தின் சாவையும் தராசில் போட்டு நிறுக்கவில்லை. அந்த வேலை எனக்கு வேண்டாம். தாய் வாயால் கேட்ட கதையைத் தூக்கி எறிய எங்கள் ஆட்களுக்கு எங்கிருந்து வாய் வந்தது என்றுதான் கேட்டேன். வேறு யாரும் சொன்னால் தெரியாமல் சொல்கிறார்கள் என்று விட்டுவிடலாம். நாங்கள் சொல்லலாமா?

குசினிக்குள் நின்ற அகல்யா எட்டிப் பார்த்து, "ரவி அங்கிள், ஆர் யூ சீரியஸ்?" என்றாள். "பள்ளிக்கூடத்தில யாராவது இப்படிச் செய்தா சஸ்பெண்ட் பண்ணுவாங்கள்."

"இது எங்கட கல்ச்சர் பிள்ளை, உங்களுக்கு விளங்காது," என்றான் ரவி. பிரம்படிக்குப் பயந்த பெடியன்கள் வைத்த பட்டப்பெயர் எப்போது எங்கள் கலாசாரம் ஆனது? பரதநாட்டியத்துக்குப் பக்கத்தில் இதையும் வைக்கப்போகிறார்களோ தெரியாது. என் மனுசன் வழக்கம்போல இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டு இருந்தார்.

கடைசியில் ரவி பெட்டியை மூடினான். "சரி அக்கா, விட்டிட்டம். நீங்கள் சொன்னாச் சரிதான்." எல்லாரும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். நானும் நம்பினேன்.

5

விழாவுக்கு மிரியம் நீலச் சட்டையில் வந்தார். அகல்யா அவருடைய நரைத்த தலையில் ஒரு துண்டு மல்லிகைச் சரத்தைக் குத்திவிட்டாள். முன்வரிசையில் எனக்குப் பக்கத்தில் இருந்தார். மடியில் ஒரு தட்டு, அதில் ரோல்ஸும் வடையும். மேடையில் அப்பா பட்டுச் சால்வையோடு பெரிய கதிரையில் இருந்தார். மிரியம் கையை ஆட்டினார், அப்பாவும் ஆட்டினார்.

ஒவ்வொருவராக வந்து புகழ்ந்தார்கள். பிறகு ரவி ஒலிவாங்கியைப் பிடித்தான். தமிழில்தான் பேசினான். மாஸ்டர் மேல்மாடியில் நடந்துவரும் விதம், பிரம்பைச் சுழற்றும் விதம், எல்லாம் நடித்துக் காட்டினான். மண்டபம் சிரித்தது. பின்வரிசைகளில் கையிலிருந்து கைக்கு ஏதோ மாறிக்கொண்டிருந்தது. சிரிப்பு இன்னும் பெரிதானது.

மிரியம் புன்னகையோடு என் பக்கம் சரிந்து, "ஏன் சிரிக்கிறார்கள்?" என்று கேட்டார்.

அவருக்குத் தமிழ் தெரியாது. சும்மாதான் கேட்டார். நான் யோசிக்காமல், பதறிப்போய், "உங்களைப் பார்த்து இல்லை" என்றேன்.

அவருடைய முகத்தில் புன்னகை அப்படியே நின்றது, கண் மட்டும் மாறியது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது, என் வாயால் வந்தது யாருடைய பதில் என்று.

அதே நேரம் திரையில் படம் வந்தது. அப்பாவின் இளவயதுப் படம், மூக்குக்குக் கீழே அந்தச் சதுரம். நான் திரும்பிப் பார்த்தேன். மண்டபம் முழுக்க எழும்பி நின்றது. டொக்டர்மார், கணக்காளர்மார், பிள்ளைகளுக்கு இங்கே இனவாதம் கூடாது என்று பாடம் எடுக்கிற தகப்பன்மார். எல்லாருடைய மூக்குக்குக் கீழேயும் கறுப்புக் கடதாசி. கையை நீட்டி உயர்த்திக்கொண்டு "மாஸ்டர்" என்று கத்தினார்கள். விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரவி மேடையில் அப்பாவின் மேலுதட்டிலும் ஒன்றை ஒட்டிவிட்டான். அப்பா சிரித்தார்.

மிரியம் தட்டை மெதுவாக நிலத்தில் வைத்தார். கைப்பையை எடுத்தார். நடுவழியால், இரண்டு பக்கமும் மீசையோடு நின்ற ஆட்களுக்கு நடுவால், வாசலை நோக்கி நடந்தார். அகல்யா அவருக்குப் பின்னால் ஓடினாள்.

பிறகு நான் செய்ததைத்தான் ஊர் முழுக்கக் கதைக்கிறார்கள். மேடையில் ஏறினேன், வயரைப் பிடுங்கினேன், ஒலிவாங்கியைப் பறித்தேன்.

"இப்ப வெளியில போனாவே, அவவின்ர தாயையும் சித்தியையும் சாகக் கொண்டு போகேக்க தெருவில நிண்ட ஒரு பெடியன் இதே மீசையை வைச்சுக்கொண்டு, இதே மாதிரித்தான் கையை நீட்டினவன், சனம் முழுக்கச் சிரிச்சது," என்றேன். "ஒன்பது வயசுப் பிள்ளை, ஏன் சிரிக்கினம் எண்டு கேட்டது. நீங்கள் சொல்லுங்கோ, ஏன் சிரிக்கிறியள்? சேர்ட்டும் கோட்டும் போட்டுக்கொண்டு நிக்கிறியளே, வெக்கமா இல்லையே உங்களுக்கு?"

ரவி என் கையிலிருந்து ஒலிவாங்கியை மெதுவாக வாங்கி, "சரி, சாப்பாடு ரெடி, ஆறமுந்திச் சாப்பிடுவம்" என்றான். சனம் அசைந்தது. சாப்பாட்டு மேசைக்கு வரிசை கட்டியது. அதில் சிலபேர் மீசையைக் கழற்றக்கூட இல்லை. மீசையோடேயே பிரியாணிக்குத் தட்டு நீட்டிக்கொண்டு நின்றார்கள். அந்தக் காட்சியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

6

காரில் அப்பா சால்வையை மடியில் மடித்து வைத்துக்கொண்டு வந்தார். மேலுதட்டில் பசை ஒட்டியிருந்தது. அந்தத் தெருவின் கதையை முதல் தடவையாக முழுக்கச் சொன்னேன். லில்லி கேட்டதும், கதவைத் தட்டியதும், சப்பாத்தும், எல்லாம். வீடு வந்து சேர்ந்த பிறகு அப்பா சொன்னார்.

"எனக்கு அந்தப் பேர் பிடிச்சுத்தான் இருந்தது பிள்ளை."

"தெரியும் அப்பா."

"பெடியங்கள் பயப்பிடுறாங்கள் எண்டு ஒரு பெருமை. அந்த ஹிட்லர் ஆர் எண்டு எனக்குத் தெரியாமலே? பேப்பர் படிக்கிற மனுசன்தானே நான். தெரியும். அது எங்கயோ தூரத்தில நடந்தது எண்டு நினைச்சிட்டன்."

எனக்கு அவர்மேல் வந்த கோபத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. கார்க் கதவை அறைந்து சாத்தினேன்.

அதற்குப் பிறகு அப்பா வேலிப்பக்கம் போகவில்லை. காலையில் யன்னல் சீலையை விலக்கி அந்தப் பக்கம் பார்ப்பார், மூடுவார். பேப்பர் மடிப்புக் கலையாமல் மேசையில் கிடந்தது. விழுந்த தேசிக்காய்கள் புல்லுக்குள் அழுகத் தொடங்கின. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வாருங்கள் என்று சொன்னால், "என்ன முகத்தோட போறது?" என்பார். பழையபடி தொலைக்காட்சிக்கு முன்னால் போய் இருந்துவிட்டார். விழாக் குழுவோ வாட்ஸ்அப்பில் விழாப் படங்களைப் போட்டுக்கொண்டிருந்தது. மிரியத்துக்கு ஒரு பூச்செண்டு அனுப்பிவிட்டால் காரியம் முடிந்தது என்று ஒருவர் எழுதினார். அதற்குக் கீழே நிறையப் பெருவிரல்கள்.

7

ஒரு சனிக்கிழமை காலை கதவு மணி அடித்தது. மிரியம். கையில் அன்றைய பேப்பர்.

அப்பா அறைக்குள்ளிருந்து கையைக் காட்டினார். குரலைத் தாழ்த்தி, "நான் நித்திரை எண்டு சொல்லு" என்றார்.

நான் கதவைத் திறந்து நின்றேன். பொய் சொல்லவும் வாய் வரவில்லை, உண்மை சொல்லவும் வாய் வரவில்லை. மிரியம் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் எல்லாருடைய செருப்புகளும் வாசலில்தானே கிடக்கும். அப்பாவின் பழைய தோல் செருப்பு, ஒழுங்காக, பக்கத்துப் பக்கத்தில் கிடந்தது.

"அவர் வீட்டில் இருக்கிறார்," என்றார் மிரியம்.

"இருக்கிறார்," என்றேன்.

"எனக்கு அவர்மேல் கோபம். சரியான கோபம். உன்மேலும் கோபம். முதலே எனக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் இதை நான் வேலிக்கு மேலால் கத்தமுடியாது. வெளியே வரச் சொல். முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். என் அம்மாவுக்கு அது கிடைக்கவில்லை."

திரும்பிப் பார்த்தேன். அப்பா அறைவாசலில் வந்து நின்றார். கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறார். நான் வழியைவிட்டு விலகி நின்றேன். அவர் செருப்பைப் போடாமல் வெளியே போனார்.

இரண்டுபேரும் முற்றத்தில் நின்றார்கள். மிரியம் சொன்னார், சொன்னார், குரல் உயர்ந்தது, தெருவில் நாயோடு போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா தலையைக் குனியவில்லை. மிரியம் கோபிப்பதை முகத்துக்கு முகம் பார்த்து, கைகட்டிக் கேட்டுக்கொண்டு நின்றார். அவருடைய வகுப்பில் பெடியன்கள் அப்படித்தான் நின்றிருப்பார்கள். கடைசியில் ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. மிரியம் பேப்பரை அவர் கையில் திணித்துவிட்டுப் போனார். அடுத்தநாள் அப்பா வேலிக்குப் போனார். இப்போதும் போகிறார். முன்னைப்போலச் சிரிப்புச் சத்தம் இல்லை. சில நாட்களில் மிரியம் வருவதில்லை. அப்பா நின்று பார்த்துவிட்டு வருவார்.

அன்று பின்னேரமே நான் ரவி வீட்டுக்குப் போனேன். மிரியம் முகத்துக்கு முகம் கோபிக்க இன்னும் ஆட்கள் மிச்சம் இருக்கிறார்கள், நீ முதலில் வா என்று கூப்பிடத்தான் போனேன். மணி அடித்தேன். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த கிரிக்கெட் நேர்முக வர்ணனை நின்றது. அவனுடைய மனைவி கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள்.

"அவர் வீட்டில இல்லை அக்கா. வெளிய போயிட்டார்."

"எப்ப வருவார்?"

"தெரியாது அக்கா. பிந்தும்."

வாசலில் சப்பாத்துகள் கிடந்தன. பிள்ளைகளுடையது, அவளுடையது, ஓரமாக விழாவுக்கு அவன் போட்டுவந்த பிரவுண் தோல் சப்பாத்து, அதற்குப் பக்கத்தில் அவன் நடக்கப் போடும் ரப்பர் செருப்பு. நான் அதைப் பார்ப்பதை அவளும் பார்த்தாள். அவளுடைய முகம் சிவந்துபோனது.

"பரவாயில்லை," என்றேன். "அவர் வரும்வரைக்கும் நான் இருக்கிறன்."

சப்பாத்துகளைக் கொஞ்சம் தள்ளிவிட்டுப் படியில் இருந்தேன்.